காதுக்குக் கருவி கொடுக்க முதல் ஒரு கடதாசி

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் 3 உலக செவிப்புலன் தினம். அதை ஒட்டிப் பொதுநோக்கு மண்டபங்களில் வரிசையாகக் கதிரை போட்டு, முதியவர்களின் காதில் கருவி மாட்டிவிடும் படங்கள் பத்திரிகைகளில் வரும். அதே பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தில், பிறவியிலேயே காது கேளாத பிள்ளையை ஊசி போட்டுக் கேட்க வைத்தார்கள் என்ற செய்தியும் வரும். இரண்டும் நல்ல செய்திதான். ஆனால் அவற்றை வாசித்துவிட்டுக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: "கருவி எப்ப தருவியள்?", "அந்த ஊசி இஞ்ச எப்ப வரும்?" இவற்றுக்கு முதல் கையில் இருக்க வேண்டிய கடதாசி ஒன்று உண்டு. ஓடியோகிராம், அதாவது செவிப்புலன் வரைபடம். அதை அனேகமாக ஒருவரும் கேட்பதில்லை. முகாம் நடத்துகிறவர்களிலும் பலர் அதை எடுக்காமலே கருவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கடதாசியில் இருப்பது இவ்வளவுதான். இடமிருந்து வலமாக 250 ஹேர்ட்ஸில் தொடங்கி 8000 வரை, தடித்த ஒலியிலிருந்து கீச்சு ஒலி வரைக்கும். மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது ஒலியின் பலம். கோடு மேலே நின்றால் நல்ல காது, கீழே இறங்க இறங்கக் கேள்வி, அதாவது கேட்கும் திறன், குறைவு. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் புள்ளடி. 20 டெசிபலுக்குள் நின்றால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குறைபாடு இல்லை. 35இலிருந்து 50 வரை நடுத்தரம், 65ஐத் தாண்டினால் கடுமை, 80ஐத் தாண்டினால் மிகக் கடுமை. தலையில் மாட்டும் போனால் ஒருமுறை அளந்த பிறகு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் சின்ன அதிர்வுக் கட்டை ஒன்றை வைத்து மறுபடி அளப்பார்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் கேட்காவிட்டால் பழுது வெளிக்காதில் அல்லது நடுக்காதில். குறும்பி, செவிப்பறை ஓட்டை, உள்ளே நீர், சிற்றெலும்புகளின் இறுக்கம். இவற்றில் பலவற்றுக்கு மருந்தோ சத்திரசிகிச்சையோ இருக்கிறது, காது மூக்கு தொண்டை நிபுணரின் வேலை அது. இரண்டு வழியிலும் ஒரேயளவு குறைந்திருந்தால் பழுது உட்காதில் அல்லது நரம்பில். அங்கேதான் கருவியும், காதை அளந்து கருவியைப் பொருத்தும் ஓடியோலொஜிஸ்டும்.

இந்தச் சோதனைக்கு அரை மணித்தியாலம் போதும், ஆனால் சத்தமில்லாத அறை வேண்டும். மண்டபத்தில் மேலே காற்றாடி, வெளியே ஜெனரேட்டர், பக்கத்தில் ஒலிபெருக்கி. அந்த இரைச்சலுக்குள் நல்ல காதுக்காரரையே இருத்தி அளந்தாலும் 500 ஹேர்ட்ஸில் 40 டெசிபல் குறைபாடு என்று காட்டும். அப்படி எடுத்த கடதாசி, இல்லாத கடதாசியை விடக் கெடுதல்.

வன்னியில் ஐம்பது தாண்டிய ஆண்களிடம் திரும்பத் திரும்ப வரும் ஒரு கோலம் உண்டு. 250, 500, 1000 மூன்றிலும் கோடு 20, 25 என்று நல்லபடி போகும். 2000இல் 40க்கு இறங்கும். 4000இல் ஒரு கிணறு, 70. 8000இல் கொஞ்சம் மேலே ஏறும். சத்தம் தின்ற காது இது. லான்ட்மாஸ்டரும் நெல் மில்லும் மரம் அரியும் வாளும் வருஷக்கணக்கில் தின்றிருக்கும். போரில் விழுந்த ஷெல் ஒரே நாளில் தின்றிருக்கும். இப்போது யானையை விரட்டப் போடும் யானை வெடியும் சேர்ந்திருக்கிறது. இவர் சொல்லும் முறைப்பாடு எப்போதும் ஒன்றுதான்: "கேக்குது, ஆனா விளங்கேல்லை."

ஏன் விளங்கவில்லை? கடை, தடை, படை என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். உயிரொலியும் பின்பாதியும் ஒன்றே. உயிரொலியின் பலம் பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அது இவருக்கு நன்றாகக் கேட்கும். க, த, ப என்று பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் அதற்கு மேலே நிற்கிறது. சகரத்தின் சீறல் இன்னும் மேலே. அந்த இடத்தில்தான் இவருக்குக் கிணறு. ஆகவே ஆள் கதைப்பது தெரியும், எந்தச் சொல் என்று தெரியாது. வீட்டில் "வேண்டுமென்று கேட்காத மாதிரி இருக்கிறார்" என்று ஏச்சு வேறு.

இவருக்கு எல்லா ஒலியையும் ஒரே மாதிரிக் கூட்டும் கருவியை மாட்டினால் என்ன நடக்கும்? ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தடித்த ஒலி, அதாவது பஸ் என்ஜினும் காற்றாடியும், இரண்டு மடங்காக வந்து இறங்கும். 'ச' வராது. மூன்றாம் நாள் கருவி அலுமாரிக்குள் போய்விடும். அவர் பழகவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை, பழகக்கூடியதாக அது வைக்கப்படவில்லை. வரைபடத்தைக் கணினியில் போட்டு, 2000க்கு மேலே மட்டும் கூட்டி, கீழே விட்டுவிட வேண்டும். காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, பேச்சு ஒலி செவிப்பறைக்கு முன்னால் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து சரிபார்க்க வேண்டும். மோல்டில், அதாவது காதின் அச்சில் வார்த்து உள்ளே வைக்கும் முனையில், காற்றோட்டத் துளை வைக்க வேண்டும். துளை இல்லாவிட்டால் தன் குரலே பானைக்குள் கதைப்பது போல இருக்கும். முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மூன்று மணித்தியாலம், பிறகு கூட்டிக்கொண்டு போய், ஒரு மாதத்தில் திரும்பி வந்து மறுசீரமைப்பு. இந்தத் திரும்பி வருதல் இல்லாத முகாமைச் சிகிச்சை என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை. மாஞ்சோலையிலோ மல்லாவியிலோ கொடுத்த கருவிக்கு மறுசீரமைப்பு கொழும்பில் என்றால், அது நடக்காது என்பது கொடுக்கிறவருக்கும் தெரியும்.

முகாம்களில் நடக்கும் இன்னொரு பிழை பாரதூரமானது. காது வடிகிறவருக்கு மோல்ட் போட்டு அடைப்பது. சீழ் வடியும் காதுக்குக் காற்று வேண்டும், அடைத்தால் வடிதல் கூடும். முதலில் காதை உலர்த்த வேண்டும். சுத்தமான பருத்தித் துணியையோ உறிஞ்சும் கடதாசியையோ திரி போல முறுக்கிக் காதுக்குள் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதிய திரி. திரி உலர்ந்து வரும்வரை இப்படி. நாளுக்கு மூன்று தரமாவது செய்து, ஒவ்வொரு முறையும் உலர்ந்த பிறகே வைத்தியர் தந்த சொட்டு மருந்து. வழமையாக சிப்ரோஃப்ளொக்சசின், இரண்டு வாரம். சீழுக்கு மேலேயே சொட்டை விட்டால் மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகாது. "மருந்து விட்டும் நிக்கேல்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பழைய போத்தலில் கிடக்கும் ஜென்டாமைசின் சொட்டை ஓட்டையுள்ள காதுக்குள் விடக்கூடாது, அது உட்காதுக்குப் போய்ச் சேர்ந்தால் மிச்சக் கேள்வியும் போகலாம். தேங்காயெண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். குளத்தில் முங்கிக் குளிக்கும் பிள்ளைக்குக் குளிக்க முதல் பஞ்சில் வசிலின் தடவி அடைத்துவிடுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். காது சில வாரம் உலர்ந்து நின்றால், பொட்டுப்பக்கத் தசையை மூடியிருக்கும் சவ்வில் சிறு துண்டு எடுத்து ஓட்டையை மூடலாம். வடிவது கொஞ்சமாக இருந்தாலும் நாற்றம் கடுமையாக இருந்தால், தலைசுற்றோ முகம் கோணலோ சேர்ந்தால், காத்திருக்க வேண்டாம். அது எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம், அதற்குச் சத்திரசிகிச்சைதான் வழி.

ஒரு விடயத்தில் மட்டும் கருவி, முகாம், வரிசை எதுவும் பொருந்தாது. காலையில் எழும்பினால் ஒரு காது அடைத்துக் கிடக்கிறது, இரைகிறது. குறும்பி என்று நினைத்து எண்ணெய் விட்டு இரண்டு கிழமை போகும். திடீர்க் கேளாமைக்கு வைத்திய வரையறை இது: 72 மணித்தியாலத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபல் இறக்கம். இதற்கு ஸ்டீரொய்ட் மாத்திரை, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் வரை, முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டும். பலன் குறைந்தால் செவிப்பறை ஊடாக ஊசி மூலம் நடுக்காதுக்குள் மருந்து, ஆறு கிழமைக்குள். அதிகம் கொடுத்தால் அதிகம் பலன் என்பதும் இல்லை. ஜேர்மனியில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஆய்வில் 250 மில்லிகிராம், 60 மில்லிகிராமை விட நன்றாக வேலை செய்யவில்லை. சிலருக்கு மருந்தில்லாமலே கேள்வி திரும்பும் என்பதும் உண்மை. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடியால்தான் அவசரம். சீனி வருத்தக்காரர் மருந்தோடு சீனியையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பியோ நீரோ. நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிராமிய வைத்தியசாலையில் உள்ள வைத்தியர் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்றால் இதையே இன்னும் நிச்சயமாகப் பார்க்கலாம். விலை குறைந்த சாமான்தான், ஆனால் மேசையில் அதைக் காண்பது அரிது.

பிள்ளைகள் விடயத்துக்கு வருகிறோம், அந்த ஊசியும் இங்கேதான் வருகிறது. பிறந்து 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் நிச்சயப்படுத்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. 6 மாதத்துக்கு முன் கண்டுபிடித்த பிள்ளைகள் பிந்திக் கண்டுபிடித்தவர்களை விட மொழியில் தெளிவாக முன்னுக்கு நின்றார்கள் என்று 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. முதற்சோதனைக்குப் பெரும்பாலும் பயன்படுவது, டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்த ஒரு விடயம்: நல்ல உட்காது, கேட்ட ஒலிக்குப் பதிலாகத் தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்தால் சில நிமிடத்தில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வந்துவிடும்.

ஆனால் அந்தப் 'பாஸ்' எல்லாவற்றுக்கும் பாஸ் அல்ல. உட்காதின் வெளிவரிசை மயிர்க் கலங்கள் (மயிர் போன்ற நுனியுள்ள நுண்கலங்கள்) வேலை செய்து, உட்காதிலிருந்து நரம்புக்குச் செய்தி போகாத ஒரு வகை இருக்கிறது. சோதனை நல்லது என்று காட்டும், பிள்ளைக்குக் கேட்காது. கடும் மஞ்சள்காமாலை வந்த, குறைமாதத்தில் பிறந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு, தலையில் மின்முனை ஒட்டி நரம்பின் பதிலை அளக்கும் ஏ.பி.ஆர். சோதனை தேவைப்படுவது இதனால்தான். செய்திகளில் வந்த ஊசியும் இந்த வகைக்கு உரியதே. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதானால் மயிர்க் கலம் நரம்புக்குச் செய்தி கொடுக்காது. ஷங்ஹாய் ஃபுடான் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 6 பிள்ளைகளுக்கு நல்ல மரபணுவை வைரஸ் ஒன்றில் ஏற்றி உட்காதுக்குள் செலுத்தினார்கள். 5 பேருக்குக் கேள்வி திரும்பியதாக 2024 ஜனவரியில் லான்செட் சஞ்சிகையில் அறிக்கை வந்தது. மரபணு நீளம், வைரஸ் சின்னது. ஆகவே மரபணுவை இரண்டாக வெட்டி இரண்டு வைரஸில் அனுப்பி உள்ளே ஒட்டவைத்தார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் ஓட்டோஃபெர்லின் பழுது பிறவிக் கேளாமையில் சிறு பங்கு. உலகளவில் மிகப் பொதுவான மரபணுக் காரணம் கொனெக்சின் 26 என்ற வேறொன்று. மூளைக்காய்ச்சலால் போன காது, ஷெல்லால் போன காது, வயதால் போன காது எதற்கும் அந்த ஊசி பொருந்தாது. பொருந்தக்கூடிய பிள்ளையோ நாம் 'பாஸ்' என்று வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்குள் இருக்கலாம். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த, ஏற்கெனவே கேளாத பிள்ளை உள்ள குடும்பங்கள், அடுத்த குழந்தை பிறந்ததும் 'பாஸ்' வந்தாலும் ஏ.பி.ஆர். கேட்டு வாங்குங்கள்.

மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சல் மாறி வீட்டுக்குப் போகும்போதே காதைச் சோதிக்க வேண்டும். சில வாரங்களில் நத்தைச்சுருள் போன்ற உட்காது எலும்பாக இறுகத் தொடங்கிவிடும். இறுகியபின் கொக்லியர் இம்பிளான்ட், அதாவது நரம்பை நேரே தூண்டச் சத்திரசிகிச்சையால் வைக்கும் கருவியின் மின்முனை உள்ளே போகாது. இம்பிளான்ட் வைத்தாலும் அது பாதி வேலைதான், பல வருஷப் பேச்சுப் பயிற்சி பின்னால் வேண்டும். பயிற்றுகிறவர் தமிழ் கதைக்க வேண்டும், ரகர றகரமும் லகர ளகரமும் அவருடைய வாயில் வேறு வேறாக வரவேண்டும். களனிப் பல்கலைக்கழகம் றாகமையில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பை நடத்துகிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் வன்னிப் பிள்ளைகள் இந்தப் பெயரையும் தெரிந்து வைத்திருக்கட்டும். சைகை மொழி தேவைப்படும் பிள்ளைக்கு அதைத் தள்ளிப்போட வேண்டாம். கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நுஃபீல்ட் பாடசாலை போன்ற இடங்களோடு நேரத்தோடு கதையுங்கள்.

எமது பிரதேசத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு காது மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால், நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் எழுதுவார்கள். உடம்பில் ஷெல் பீஸ் இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, காந்த அறைக்குள் போக முதல் சொல்லிவிடுங்கள். இரும்புத் துண்டு காந்தத்தில் அசையும், சூடேறும். கண்ணுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தீர்மானிப்பார்கள், தேவையானால் வேறு வழியில் சோதிப்பார்கள். பதினைந்து இருபது வருஷமாக வலிக்காத துண்டு என்பதால் பலர் சொல்ல மறக்கிறார்கள்.

மயிர்க் கலம் மீண்டும் முளைக்குமா என்றும் கேட்கிறார்கள். கோழிக்குஞ்சுக்கு முளைக்கும், 1988இல் அதை உறுதிப்படுத்தினார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை. முளைக்க வைக்கும் என்று பெரிதாகப் பேசப்பட்ட எஃப்.எக்ஸ்-322 என்ற மருந்து, 2023 பெப்ரவரியில் வந்த முடிவில் மருந்தில்லாத வெறும் ஊசியை விட நன்றாக வேலை செய்யவில்லை. கருவி போட்டால் மறதிநோய் வராது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையான 977 பேரை 3 வருஷம் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் கூடிய பிரிவினரிடம் மட்டும் அறிவாற்றல் குறையும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. கருவி போடுவதற்கு, பேரப்பிள்ளை கதைப்பது விளங்கும் என்ற காரணமே போதும்.

சத்தத்துக்கு வருவோம். 85 டெசிபலில் 8 மணித்தியாலம் என்பது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. 100 டெசிபலில் 15 நிமிடம். மரம் அரியும் வாள் அதையும் தாண்டும். காதுக்குப் பஞ்சு வைப்பது சும்மா மனத்திருப்திக்கு. நுரை அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் பாதிப் பலன்கூட இல்லை. யானை வெடி கொடுக்கும்போதே இரண்டு சோடி அடைப்பானும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

ஏற்கெனவே கருவி வைத்திருக்கிறவர்களுக்குச் சில விடயம். பற்றரியில் ஒட்டியிருக்கும் வர்ணத் தாள் அழகுக்கு அல்ல. அது காற்றால் வேலை செய்யும் பற்றரி. செம்மஞ்சள் 13, நீலம் 675, மண்ணிறம் 312. தாளை உரித்து ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள், உடனே போட்டால் பலம் குறையும். உரித்த தாளைத் திரும்ப ஒட்டினாலும் பற்றரி செலவாகிக்கொண்டே இருக்கும். இரவில் மூடியைத் திறந்து, இறுக்கமான போத்தலில் சிலிக்கா மணியோடு வையுங்கள். வியர்வையும் மழைக்கால ஈரமும்தான் இங்கே கருவியின் முதல் எதிரி. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், பற்றரியை விழுங்கினால் உடனே வைத்தியசாலை. காதில் இருக்கும்போது கருவி கீச்சிட்டால் மோல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது காதில் குறும்பி. வளரும் பிள்ளைக்கு முதல் வருஷத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை மோல்ட் மாற்ற வேண்டும். கருவியையும் மோல்டையும் இணைக்கும் ரியூப் மஞ்சளாகி விறைத்தால் மாற்றும் காலம், மூன்று தொடக்கம் ஆறு மாதம்.

முகாம் நடத்தும் நல்லுள்ளங்களிடமும் மாகாண சுகாதாரத் துறையிடமும் எமது கேட்பு: நூறு கருவிக்கான பணம் இருந்தால் ஐம்பது கருவி வாங்குங்கள். மிச்சத்தில் வரைபடம், மோல்ட், ரியூப், ஒரு வருஷப் பற்றரி, இரண்டு மீள்வருகைக்கான பஸ் காசு. பரந்தன் வீதியிலும் மாங்குளம் வீதியிலும் ஓரிரு மருந்துக் கடைகளில் 13ஆம் 675ஆம் இலக்கப் பற்றரி எப்போதும் கிடைக்க ஒழுங்கு செய்யுங்கள்.

அலுமாரிக்குள் பழைய கருவி கிடந்தால் எறிய வேண்டாம். பற்றரியைக் கழற்றிவிட்டு, கிளினிக்குக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எத்தனையோ 'பழுதான' கருவிகளில் ரியூபுக்குள் ஒரு துளி தண்ணீர்தான் இருக்கும்.

இங்ஙனம்,
செவிப்புலன் பணியாளர் சிலர்,
வன்னி